சோழர் கால வியூக விளையாட்டு: ஆட்சிமுறையை எப்படி அமைப்பது?

செம்பவாங்_தறி | செவ்வாய், இரவு 11.40

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக வாசிக்க மட்டும்தான் இங்கே வருவேன். இப்போது உங்கள் உதவி தேவைப்படுகிறது.

நானும் இரண்டு நண்பர்களும் ஒன்றரை வருடமாக, வேலை முடிந்த பிறகு, முறை வைத்து ஆடும் ஒரு கணினி விளையாட்டைச் செய்து வருகிறோம். காலம் 985 முதல் 1070 வரை. இராசராசன் அரியணை ஏறுவதில் தொடங்கி முதலாம் குலோத்துங்கன் வருவதோடு முடியும். வரைபடம் கங்கைக் கரையிலிருந்து கடாரம் (இன்றைய மலேசியாவின் கெடா) வரை. போர் ஓடுகிறது. கடல் வணிகமும் ஓடுகிறது. ஆட்சிமுறைதான் ஒரே இடத்தில் நிற்கிறது.

முதலில் எல்லாரும் செய்வதையே செய்தோம். முடியாட்சி, படையாட்சி, வணிகர் ஆட்சி, கோயில் ஆட்சி என்று நாலு அட்டை. ஒவ்வொன்றுக்கும் ஒரு லாபம், ஒரு நட்டம். வணிகர் ஆட்சி என்றால் துறைமுக வருமானம் கூடும், படைச் செலவும் கூடும். என் அக்கா மகனுக்கு 14 வயது. அவன்தான் எங்கள் முதல் சோதனை ஆள். அட்டைகளைப் பார்த்தான், ஒன்றை எடுத்தான். அதற்குப் பிறகு மூன்று மணி நேரம் ஆடியும் அந்தப் பக்கத்தை ஒரு தடவைகூடத் திறக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "மாமா, அங்க போய்ச் செய்றதுக்கு ஒண்ணும் இல்லையே" என்றான்.

அவன் சொன்னது சரி. 1991-இல் வந்த முதல் சிவிலைசேஷன் கணினி விளையாட்டில் கொடுங்கோலாட்சியில் இருந்தால், 3 அல்லது அதற்கு மேல் விளையும் கட்டத்தில் ஒன்று குறையும். 2005-இல் வந்த நாலாம் பாகத்தில் அரசு, சட்டம், உழைப்பு, பொருளாதாரம், மதம் என்று ஐந்து துறை, துறைக்கு ஐந்து தெரிவு. 2016-இல் ஆறாம் பாகத்தில் அட்டை செருகும் இடங்கள். தோற்றம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. அடியில் இருப்பது ஒன்றுதான்: அரசாங்கம் என்றால் ஒரு பெருக்கல் எண்.

தஞ்சாவூரில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் ஈழத்தையும் ஆந்திரக் கரையோர வேங்கியையும் ஆள்வது எவ்வளவு கடினம் என்பதை ஆடுபவர் உணர வேண்டும். அதை எங்கிருந்து தொடங்கலாம்?

ஈசூன்_இரவாடி | புதன், அதிகாலை 1.15

வாங்க அண்ணே. நல்ல கேள்வி. ஆனா பெருக்கல் எண்ணை ஒரேயடியா ஒதுக்காதீங்க. அதுல ஒரு நேர்மை இருக்கு. எதை எடுத்தா என்ன கிடைக்கும்னு ஆடுறவருக்கு முன்கூட்டியே தெரியும். அந்த முதல் சிவிலைசேஷன்லயே ஆட்சி மாறும்போது நடுவுல சில முறைக்கு (டர்ன்) அராஜகம் நீடிக்கும், வருமானம் விழும். மாறுறதுக்கு ஒரு விலை இருந்துச்சு. உங்க அட்டைல அந்த விலை இல்ல, அதான் தம்பி திரும்பிப் பார்க்கல.

நான் அதிகமா ஆடுறது பாரடாக்ஸ்ங்கிற நிறுவனத்தோட வியூக விளையாட்டுங்கதான். அவங்க வேற பக்கத்திலிருந்து வர்றாங்க. விக்டோரியா 3-ல ஒரு சட்டத்தை மாத்தணும்னா நில உடைமையாளர், தொழிலதிபர், படையினர்னு ஒவ்வொரு குழுவும் எந்தப் பக்கம்னு பார்க்கணும். சட்டம் நிறைவேற மாசக்கணக்காகும், பாதில நின்னும் போகும். பள்ளிக்கூடம், காவல் மாதிரி ஒவ்வொரு அமைப்பும் நிர்வாகத் திறனைத் தின்னும். குரூசேடர் கிங்ஸ் 3-ல தொடக்கத்துல இருக்கிற வாரிசு முறை உங்க நிலத்தைப் பிள்ளைகளுக்குப் பிரிச்சுக் கொடுத்துடும். நாப்பது வருசம் சேர்த்ததை ஒரே சாவு பிரிக்கும். முதல் தடவை எனக்கு அது நடந்தப்போ ராத்திரி தூக்கமே வரல. 2025-ல வந்த யூரோப்பா யுனிவர்சாலிஸ் 5-ல தலைநகரத்துலேர்ந்து தள்ளிப் போகப் போக உங்க பிடி தளரும். பிடி இல்லாத ஊர்ல வரி இருந்தும் உங்க கைக்கு வராது. சாலை போட்டா, ஆறு இருந்தா, கடல்ல கப்பல் பலம் இருந்தா கொஞ்சம் மீளும்.

இத்தனையும் ஆடினதுல நான் புரிஞ்சுக்கிட்டது: ஆட்சிமுறைங்கிறது உங்களுக்கு என்ன கிடைக்குதுங்கிறது இல்ல. யாரைக் கேக்காம உங்களால எதைச் செய்ய முடியாதுங்கிறது.

ஓல்டு வேர்ல்டு ஆடியிருக்கீங்களா? நாலாம் சிவிலைசேஷனை வடிவமைச்ச சோரன் ஜான்சன் குழு செஞ்சது. அதுல ஒரு முறைக்கு இத்தனை ஆணைதான்னு அளவு இருக்கு. படையை நகர்த்தினாலும் ஆணை செலவாகும். அரசருக்கு மதிப்பு கூடினா ஆணையும் கூடும். அரசனோட நேரத்துக்கே பஞ்சம். அங்கேர்ந்து தொடங்குங்க.

கல்லும்_கணக்கும் | புதன், காலை 9.05

வணக்கம் தம்பி. நான் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவள். விளையாட்டுகளை என் பேரப்பிள்ளைகள் வழியாகத்தான் அறிவேன். கல்வெட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

"கோயில் ஆட்சி" என்று தனி அட்டை வைத்திருப்பதை எடுத்துவிடுங்கள். அப்படி ஓர் ஆட்சி தனியாக இல்லை. 1010-இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஊர்கள் நெல் அளந்தன. காவலரையும் கணக்கரையும் அனுப்பின. கோயிலோ ஊர்ச் சபைகளுக்குப் பணம் கடன் கொடுத்து நூற்றுக்குப் பன்னிரண்டரை வட்டி வாங்கியது. வங்கி, பண்டகசாலை, வேலை கொடுக்கும் இடம், அரசனின் பெயரை ஊர் ஊராகச் சொல்லும் இடம், எல்லாம் ஒன்றாக இருந்தது. அரசனின் ஆட்சி ஓடிய வாய்க்கால்களில் அதுவும் ஒன்று.

குடவோலைத் தேர்தலுக்குப் பெயர்பெற்ற உத்திரமேரூரைச் சேர்ப்பீர்கள் என்று தெரியும், எல்லாரும் சேர்க்கிறார்கள். சேர்க்கும் முன் கல்வெட்டை நிதானமாக வாசியுங்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919-இல் ஒன்று, 921-இல் இன்னொன்று. இரண்டே வருடத்தில் விதியைத் திருத்தி எழுதியிருக்கிறார்கள், அதுவும் அரசனின் அதிகாரி உடனிருக்க. ஊர் 30 குடும்புகள், அதாவது வட்டங்கள். குடும்புக்கு ஒருவர். கால் வேலிக்கு (வேலி ஒரு நில அளவு) மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வயது, வேதப் படிப்பு. கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் வரக்கூடாது. முன்பு இருந்து கணக்குக் காட்டாதவர் வரக்கூடாது. அவருடைய உறவினரும் கூடாது. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். முப்பது பேரில் 12 பேர் ஆட்டை (ஆண்டு) வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். 360 நாள் பொறுப்பு.

இதைக் "குடியாட்சி" என்று பெயரிட்டு ஒரு கூடுதல் மதிப்பெண் கொடுத்துவிடாதீர்கள். அது பிரமதேயத்துச் சபை, அதாவது பிராமணர்களுக்குக் கொடுத்த ஊரின் சபை. நிலமில்லாதவருக்கு அங்கே இடமில்லை, பெண்களுக்கும் இல்லை. மற்ற ஊர்களில் ஊரார், வணிகர் இருக்குமிடத்தில் நகரத்தார், அவற்றுக்கு மேல் நாட்டார். நான் மாணவர்களுக்கு எப்போதும் காட்டுவது அந்தத் தகுதியின்மைப் பட்டியலைத்தான். யாரோ ஒருவர் ஏரிப் பணத்தைத் தின்றுவிட்டுத் தம்பியை அடுத்த வருடம் உட்கார வைத்திருக்கிறார். அதனால்தான் அந்த விதியே பிறந்திருக்க வேண்டும். ஒரு விதியைப் பார்த்தால் அதற்கு முன் நடந்த திருட்டு தெரியும்.

இன்னொன்று. ஆணைக்குப் பஞ்சம் என்று மேலே ஒரு தம்பி எழுதியிருக்கிறார். சோழர் ஆவணங்களில் அதற்குச் சொல்லே இருக்கிறது. அரசன் வாயால் சொன்னதை எழுதுபவர் திருமந்திர ஓலை. அதைச் சரிபார்ப்பவர் திருமந்திர ஓலை நாயகம். பிறகு அது புரவுவரித் திணைக்களத்தின், அதாவது நிலவரித் துறையின், கணக்கில் ஏற வேண்டும். அரசன் பேசியவுடன் எதுவும் நடந்துவிடாது.

பாலி_மாணவி | புதன், மாலை 6.30

டீச்சர், அந்தத் தகுதியின்மைப் பட்டியல் பற்றி எழுதியதை நாலு தடவை வாசித்தேன். நன்றி.

நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் விளையாட்டு வடிவமைப்பு இரண்டாம் ஆண்டு. போன பருவத்தில் இதே பிரச்சினைக்காக ஒரு காகிதச் சோதனை செய்தோம், அதைச் சொல்கிறேன். ஒருவர் அரசர், தனி அறை. நாலு பேர் நாட்டுத் தலைவர்கள், கேன்டீனில். இரண்டுக்கும் நடுவே துண்டுச் சீட்டு எடுத்துப்போகும் ஒருத்தி, அது நான். ஒரு சீட்டு போய்ச் சேர ஒரு முறை, பதில் வர இன்னொரு முறை. அரசருக்குத் தெரிவதெல்லாம் சீட்டில் வருவது மட்டும்.

மூன்றாவது முறையிலேயே பொய் தொடங்கிவிட்டது. "இந்த வருடம் ஏரி உடைந்துவிட்டது, நெல் அனுப்ப முடியாது" என்று ஒருவர் எழுதினார். ஏரி உடையவில்லை. அதைப் பார்த்து இன்னொருவரும் எழுதினார். கெட்ட எண்ணம் என்று சொல்ல முடியாது, தன் நாட்டு ஆட்களுக்குச் சோறு மிச்சப்படுத்தினார்கள். அரசர் யாரையும் நம்ப முடியாமல் எல்லாருக்கும் ஒரே அளவு வரி என்று சீட்டு அனுப்பினார். நிஜமாகவே பஞ்சம் வந்திருந்த நாலாவது நாடு அதில் அழிந்தது.

ஆட்டம் முடிந்து எல்லாரும் ஒரு மணி நேரம் அதைப் பற்றியே பேசினோம். எங்கள் வகுப்பில் வேறு எந்தச் சோதனைக்கும் அப்படி நடக்கவில்லை. ஆனால் அரசராக இருந்தவர் முதலில் கோபப்பட்டார். பொய் சொன்னதற்காக இல்லை. பொய் சொல்லலாம் என்பது விதியில் இருந்தது தனக்குத் தெரியாதே என்பதற்காக. அடுத்த தடவை விதியை முன்னாலேயே சொன்னோம், கோபம் போய்விட்டது. தோற்றவர்கூட இன்னொரு ஆட்டம் கேட்டார். அதனால் தகவலை மறைப்பதாக இருந்தால், மறைந்திருக்கிறது என்பதை மட்டும் மறைக்காதீர்கள்.

செம்பவாங்_தறி | புதன், இரவு 10.50

ஒரே நாளில் இவ்வளவு கிடைக்கும் என்று நினைக்கவில்லை. கோயில் அட்டையை எடுத்துவிட்டேன் டீச்சர், மற்ற மூன்றையும் சேர்த்து.

இப்போது யோசிப்பது இது. ஒரு முறைக்கு இத்தனை ஓலைதான். ஓலை போகாத இடத்தில் அங்கிருப்பவரே முடிவெடுப்பார். ஒவ்வொரு நாட்டுக்கும் மண்டலத்துக்கும் தஞ்சாவூரிலிருந்து ஒரு தூரம், தூரம் கூடினால் செய்தி பழையதாகி வரும். யூரோப்பா 5 போல எல்லா இடத்துக்கும் ஒரு பிடி அளவு. இது போதுமா?

கடற்பாலம் | வியாழன், காலை 7.20

தூரத்தை எதை வைத்து அளக்கிறீர்கள் அண்ணே? கிலோமீட்டர் என்றால் விட்டுவிடுங்கள். நான் கப்பல் சரக்குத் துறையில் இருபது வருடம் இருந்தவன். பாய்மரக் காலத்தில் நாகப்பட்டினத்துக்கும் கடாரத்துக்கும் நடுவே தூரத்தைக் காற்றுதான் முடிவு செய்யும். தென்மேற்குப் பருவக் காற்றில் கிழக்கே போவார்கள், வடகிழக்குக் காற்றில் திரும்புவார்கள். போகவும் வரவும் ஒரு வருடம் ஆகிவிடும். இராசேந்திரனின் கடற்படை 1025-இல் கடாரத்தை அடித்தது. ஆனால் அங்கே உட்கார்ந்து வரி வாங்கும் நிர்வாகம் எதுவும் வேரூன்றவில்லை. வருடத்துக்கு ஒரு கேள்வி, ஒரு பதில் என்றால் எப்படி ஆள்வது? வணிகக் குழுவை ஆளவிட்டு உறவு வைத்துக்கொள்ளலாம். சுமத்திராவில் பாரூசில் கிடைத்த 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு அரசனுடையதல்ல, ஐந்நூற்றுவர் வணிகர்களுடையது.

இதை நம் சிங்கப்பூரிலேயே பார்க்கலாம். 1819 பிப்ரவரி 6-ஆம் தேதி கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ராஃபிள்ஸ் இங்கே ஒப்பந்தம் போட்டபோது லண்டனில் யாருக்கும் தெரியாது. அவர்கள் எதிர்ப்புச் சொல்லிக் கடிதம் வருவதற்குள் இங்கே துறைமுகம் எழுந்துவிட்டது. ஜோகூர் சுல்தான் உசேனுக்கு வருடம் 5,000 ஸ்பானிய வெள்ளி, இங்கிருந்த மலாய்த் தலைவர் தெமெங்கோங்குக்கு 3,000. லண்டனைக் கேட்காமல் ஓர் அதிகாரி செய்த காரியத்தால் ஒரு நகரம் பிறந்தது.

அடுத்த கட்டம் இன்னும் பாடம் தரும். ராஃபிள்ஸ் மறுநாளே கிளம்பிவிட்டார், ஊரை நிர்வகிக்க ஃபார்குவார் என்ற அதிகாரியை விட்டுவிட்டு. கட்டளை: சுங்க வரி கூடாது, இது கட்டற்ற துறைமுகம். பணம்? அது கையில் இல்லை. காவலருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், சாலை போட வேண்டும். ஃபார்குவார் 1820-இல் அபின், சாராயம், சூதாட்டம் ஆகியவற்றின் உரிமையைக் குத்தகைக்கு விட்டார். ராஃபிள்சுக்கு அது பிடிக்கவில்லை. திரும்பி வந்து 1823-இல் சூதாட்டத்தைத் தடை செய்தார், ஃபார்குவாரையும் பதவியிலிருந்து நீக்கினார். அபின் குத்தகை மட்டும் போகவில்லை. 1910-இல் அரசே அந்த விற்பனையை நேரடியாக எடுத்துக்கொள்ளும் வரை நடந்தது. பல வருடங்களில் அரசு வருமானத்தில் பாதி வரை அதிலிருந்து வந்தது.

உங்கள் விளையாட்டுக்கு இதில் உள்ளது என்ன என்றால்: ஓலை மட்டும் அனுப்பிப் பணம் அனுப்பாவிட்டால், கீழே இருப்பவர் தன் வழியில் பணம் தேடுவார். அவர் தேடிய வழிதான் பிறகு உங்கள் ஆட்சிமுறை. நீங்கள் தேர்ந்தெடுக்காத ஆட்சிமுறை.

நீரிணைக் குடியேற்றங்கள் (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா) 1867 ஏப்ரல் 1 வரை இந்தியாவிலிருந்துதான் ஆளப்பட்டன. அந்த ஆட்சியின் தலைநகரான கல்கத்தாவுக்கு இது ஒரு ஓரத்து ஊர். கைதிகளை அனுப்பினார்கள், ரூபாயைக் கொண்டுவரப் பார்த்தார்கள். 1857-இல் இங்குள்ள வணிகர்கள் லண்டன் நாடாளுமன்றத்துக்கு மனு போட்டார்கள், எங்களை நேரடியாக ஆளுங்கள் என்று. தொலைவிலிருக்கும் ஆட்சியைத் தாண்டி இன்னும் தொலைவில் இருப்பதைக் கேட்கிறார்கள் பாருங்கள்! கிலோமீட்டர் அளவு இதை எப்படிக் காட்டும்? 1871 வாக்கில் கடலடித் தந்தி வந்ததும் எல்லாமே மாறியது. ஆளுநர் தானாக முடிவெடுக்கும் காலம் சுருங்கிவிட்டது.

பாலி_மாணவி | வியாழன், மதியம் 1.10

அண்ணே, அபின் குத்தகை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இதை நான் ஒரு விளையாட்டில் வைத்தால் திரையில் என்ன தெரியும்? ஏலம் விட்டேன், வெள்ளி ஏறியது. அந்த வெள்ளியைக் கொடுத்தது யார்? மூட்டை தூக்கியவர்களும் ரிக்‌ஷா இழுத்தவர்களும் வலி தெரியாமலிருக்கப் புகைத்தவர்கள். எண் மட்டும் ஏறினால் ஆடுபவர் அந்தக் குத்தகைக்காரர் மாதிரியே யோசிக்கப் பழகிவிடுவார்.

கைதிகளும் அப்படித்தான். 1825 முதல் 1873 வரை இந்தியாவிலிருந்து வந்த கைதிகள் இங்கே சாலை போட்டார்கள், இப்போது நிற்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தைக் கட்டினார்கள். அவர்களில் நன்னடத்தை உள்ளவர்களையே மற்றக் கைதிகளுக்குக் காவலராக்கினார்கள். ஒரு வடிவமைப்பாளராகப் பார்த்தால் அது வியக்க வைக்கிற ஏற்பாடு, செலவில்லாத நிர்வாகம். அந்தக் கட்டடத்தைத் தாண்டி தினமும் பேருந்தில் போகிறேன். அதை "உழைப்பு கூடுதல் 2" என்று என்னால் எழுத முடியவில்லை.

வழி? விலையை யார் கொடுத்தார்கள் என்பதும் அதே திரையில், அதே அளவு எழுத்தில் வர வேண்டும். ஒரு வருமான எண் ஏறும்போது அதற்குப் பக்கத்தில் எந்த ஊரில் எத்தனை குடும்பம் நிலத்தை விட்டுப் போனது என்று வரட்டும். தண்டிக்க வேண்டாம். தெரியட்டும்.

ஈசூன்_இரவாடி | வியாழன், இரவு 11.55

தங்கச்சி சொல்றது எனக்கு நெஞ்சுல தட்டுது. ஆனா ஒண்ணு கேக்கணும். பழைய செய்தி, பொய்ச் செய்தி, காத்து, கணக்கு காட்டாத வாரியம், யார் கொடுத்த விலை. இத்தனையும் ஒரே திரைல வந்தா, நாள் முழுக்க வேலை பார்த்துட்டு ராத்திரி ரெண்டு மணி நேரம் ஆட வர்ற என்னை மாதிரி ஆளு எப்படி ஆடுறது? பிடியைத் தளர்த்துறது ஒரு பாடம்னு எனக்குப் புரியுது. ஆனா எல்லாத்துலயும் கை கட்டினா அது ஆட்டமே இல்ல, தண்டனை. நான் எதையாவது கட்டி எழுப்பினேன்ங்கிற சந்தோசம் வேணும்.

இராசராசன் எப்படிச் செஞ்சார்? அவருக்கும் இதே தூரம், இதே காத்துதானே. அவர் கைல இருந்த கருவி என்னன்னு டீச்சர் சொன்னா அதையே ஆடுறவருக்குக் கொடுங்க.

கல்லும்_கணக்கும் | வெள்ளி, காலை 8.40

நல்ல கேள்வி கேட்டீர்கள் தம்பி. மூன்று கருவிகளைச் சொல்வேன்.

முதலாவது நில அளவை. 1001 வாக்கில் தொடங்கி ஊர் ஊராக நிலத்தை அளந்து எழுதினார். அளக்காத நிலத்துக்கு ஊர் சொல்வதுதான் கணக்கு. அளந்த நிலத்தில் ஊர் பொய் சொன்னால் தெரிந்துவிடும். அந்த மாணவியின் அரசரிடம் இல்லாதது இதுதான். உங்கள் விளையாட்டில் பொய்யைக் கண்டுபிடிக்கும் வழி ஒற்றனாக இருக்க வேண்டாம், அளவுகோலாக இருக்கட்டும்.

இரண்டாவது, பிரித்துப் பெயரிடுவது. நாடுகளைச் சேர்த்து வளநாடு, அதற்கு மேல் மண்டலம். ஈழம் மும்முடிச் சோழ மண்டலம் ஆனது. பழைய எல்லைகளை வெட்டி வளநாட்டுக்குத் தன் பட்டப்பெயரை வைத்தார். பழைய நாட்டுத் தலைவனின் செல்வாக்கு அந்த வெட்டில் குறையும்.

மூன்றாவது, வாரிசு. நீங்கள் சொன்ன அந்தப் பிரிக்கும் முறை சோழர் எழுச்சிக் காலத்துக்குப் பொருந்தாது. 1012-இல் இராசேந்திரனை உடன் அரசனாக்கினார். இரண்டு வருடத்தில் தந்தை மறைந்தார்; நாட்டில் ஓர் இலை அசையவில்லை. இராசேந்திரனும் 1018-இல் தன் மகன் இராசாதிராசனை அப்படியே செய்தார். இன்னொரு மகனை மதுரைக்குச் "சோழ பாண்டியன்" என்ற பட்டத்தோடு அனுப்பினார். உள்ளூர்ப் பெயரும் கிடைத்தது, சொந்த இரத்தமும் இருந்தது. 1054-இல் கொப்பத்துப் போர்க்களத்தில் இராசாதிராசன் யானை மேலேயே இறந்தபோது, தம்பி அங்கேயே முடிசூடிப் போரை முடித்தார். ஒரு முறை எவ்வளவு உறுதியானது என்பதை அப்படிப்பட்ட நாளில்தான் பார்க்க முடியும். 1070-இல் அது முறிந்தது. அதிராசேந்திரன் சில மாதமே ஆண்டார். பிறகு மகள் வழியில் வேங்கியிலிருந்து குலோத்துங்கன் வந்தார். உங்கள் விளையாட்டு அங்கே முடிவது மிகப் பொருத்தம்.

தம்பி, இன்னொன்றும் எழுதத் தோன்றுகிறது. செஜாரா மெலாயு என்ற பழைய மலாய் வரலாற்று நூலில் ஒரு கதை உண்டு. ராஜா சூலன் என்ற இந்திய அரசன் சீனாவை வெல்லப் பெரும்படையோடு தெமாசெக் (சிங்கப்பூரின் பழைய பெயர்) வரை வருகிறான். சூலன் என்ற பெயரைச் சோழனோடு இணைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. சீனப் பேரரசர் ஒரு கப்பல் அனுப்புகிறார். அதில் பல் விழுந்த கிழவர்கள், துருப்பிடித்த ஊசிகள், காய்த்து நிற்கும் மரங்கள். "சீனா எவ்வளவு தூரம்?" என்று கேட்டால், "கிளம்பும்போது நாங்கள் சிறுவர்கள். இந்த மரங்கள் விதையாக இருந்தன. இந்த ஊசிகள் கை அளவு தடிமனான இரும்புக் கம்பிகளாக இருந்தன" என்கிறார்கள். அரசன் திரும்பிப் போய்விடுகிறான். ஒரு வீரன்கூடச் சாகவில்லை. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் கிழவர்களின் சாமர்த்தியத்தைப் பார்ப்பார்கள். நான் அந்த அரசனைப் பார்ப்பேன். உலகத்தைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது, முன்னால் வந்து நின்ற கப்பல் சொன்னது மட்டும். அது நடந்த இடமாகக் கதை சொல்வது நாம் குடியிருக்கும் இந்தத் தீவு.

கடற்பாலம் | வெள்ளி, காலை 9.15

டீச்சர், அந்தக் கப்பலை விளையாட்டில் ஒரு நிகழ்வாகவே வைக்கலாம். கிழக்கே போகும் படைக்கு வரும் அறிக்கை. நம்புவதா வேண்டாமா என்பது ஆடுபவர் பாடு.

செம்பவாங்_தறி | இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 9.30

புதிய பதிப்பை ஓட்டிப் பார்த்துவிட்டேன். என்ன செய்தோம், எது நடந்தது என்று எழுதுகிறேன்.

அட்டைகள் போய்விட்டன. ஒரு முறைக்கு ஐந்து ஓலையில் தொடக்கம். ஒவ்வொரு அறிக்கையின் தலையிலும் அது எத்தனை மாதம் பழையது, யார் எழுதியது என்று இருக்கும். கடல் தாண்டிய இடங்களுக்குக் காற்றுக் காலம். ஓலையோடு நெல்லோ பொன்னோ அனுப்பாவிட்டால் அங்குள்ளவர் தானே ஒரு வரியை ஏற்படுத்துவார்; அது பிறகு போகாது, எடுக்க மூன்று ஓலை. வருமானத் திரையில் நிலம் விட்டுப் போன குடும்பங்களின் எண் அதே அளவு எழுத்தில் இருக்கிறது. நில அளவை ரொம்ப மெதுவானது, செலவும் அதிகம். ஆனால் அளந்த நாட்டுக்கு ஒரு மெல்லிய கோடு விழுந்து பளிச்சென்று தெரியும். ஈசூன் தம்பி கேட்ட சந்தோசம் அங்கே கிடைக்கும் என்று நம்புகிறேன். என் நண்பர் முதல் தடவையாகச் சோழ மண்டலம் முழுக்க அளந்து முடித்தபோது வரைபடத்தைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

வேலை செய்யாததும் உண்டு. காற்றுக் காலம் புரியாமல் இரண்டு பேர் கடாரத்துக்கு ஒரே ஓலையை மூன்று தடவை அனுப்பினார்கள். அதற்குத் தெளிவான அடையாளம் வேண்டும். உடன் அரசன் முறை இப்போதைக்கு ரொம்ப எளிதாக இருக்கிறது. மகனுக்குத் தனியாக ஆட்கள் சேர வேண்டும், தந்தைக்கு அது உறுத்த வேண்டும். அதை இன்னும் எழுதவில்லை.

அக்கா மகன் நேற்று ஆடினான். ஒரு பிரமதேயத்தில் ஏரி வாரியம் இரண்டு வருடமாகக் கணக்கு அனுப்பவில்லை. அவனிடம் ஒரே ஓலை மிச்சம். அதே முறையில் வேங்கியிலிருந்து படை கேட்டுச் செய்தி வந்திருந்தது, ஏழு மாதம் பழையது. பத்து நிமிடம் யோசித்தான். ஏரிக்குத்தான் அனுப்பினான். "வேங்கில என்ன நடக்கணுமோ அது நடந்து முடிஞ்சிருக்கும் மாமா. ஏரி இன்னும் உடையல" என்றான். அடுத்த முறை வேங்கி போய்விட்டது. சரியா தவறா என்று எனக்கே தெரியவில்லை. வாரியத் திரையின் படத்தைக் கீழே இணைத்திருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

கல்லும்_கணக்கும் | ஞாயிறு, இரவு 10.05

படம் பார்த்தேன். மிக மகிழ்ச்சி. ஏரி வாரியத்தில் ஐந்து பேர் நிற்கிறார்கள் தம்பி, ஆறு இருக்க வேண்டும்.

செம்பவாங்_தறி | ஞாயிறு, இரவு 10.20

மாற்றிவிட்டேன் டீச்சர்.